பாய்லர் செங்கலில் ஓர் அடுப்பு

தம்பியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆறு மாதத்துக்கு அவனை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது என்றார். எந்தக் கதவையும் உள்பக்கம் தாழ் போட விடாதீர்கள், ராத்திரி அவன் பக்கத்தில் ஆள் படுத்திருக்க வேண்டும், ஒரு தடவை பூச்சிமருந்து குடித்தவன் மறுபடியும் முயற்சி செய்வான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். தம்பி பெஞ்சில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எனக்கு நாலு வயது இளையவன். குண்டடம் பக்கம் தோட்டத்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, நான்தான் அவனைத் திருப்பூருக்குக் கூட்டி வந்து படிக்க வைத்தேன். இருபத்திரண்டு வயதில் அவன் வளைகுடா நாட்டில் ஒரு ஹோட்டல் வேலைக்குப் போனான். அங்கே பீட்சா சுடும் செங்கல் அடுப்பின் முன்னால் ஆறு வருஷம் நின்றான். இடையில் லீவில் வந்தபோது அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்த பெண்தான் மணமகள். நானே பார்த்து, நானே பேசி முடித்தது.

அடுத்த லீவு முடிந்து அவன் திரும்பிப் போனபோது அவள் முழுகாமல் இருந்தாள். எட்டாம் மாதம் ஒரு காலையில் அவளுக்கு வலிப்பு வந்தது. கம்பெனி வேனில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். தாயும் தங்கவில்லை, பிள்ளையும் தங்கவில்லை. தம்பி போனில், “நா வர்ற வரைக்கும் வெச்சிருங்கக்கா” என்றான். டிக்கெட் கிடைத்து வந்து சேர மூன்று நாளாகும் என்றார்கள். பிள்ளையோடு போனவளை அத்தனை நாள் வைத்திருக்கக் கூடாது என்றார் அவள் அப்பா. தம்பி பக்கத்து ஆள் என்று அங்கே இருந்தது நான் ஒருத்திதான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “எடுத்துருங்க” என்று சொன்னேன்.

அவன் வந்தபோது மண்மேடு காய்ந்திருந்தது. “எடுக்கச் சொன்னது ஆரு?” என்று கேட்டான். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அதற்கு ஒன்றரை மாதம் கழித்துத்தான் அவன் மருந்து குடித்தான்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகள் கிடையாது. பல்லடம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன சிமெண்ட் ஷீட் வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டுகிறவர். சாயப்பட்டறைகள் எல்லாம் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, பனியன் கட்டுகளை வீட்டுக்கே வாங்கி வந்து நூல் பிசிறு வெட்டினேன். தம்பி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நான் அவனைப் பார்த்தபடி பிசிறு வெட்டுவேன். கத்தரிக்கோலை எங்கே வைக்கிறோம் என்பதைக்கூட யோசித்து வைக்கிற வாழ்க்கை. ராத்திரி அவன் பாய்க்கும் வாசல் கதவுக்கும் நடுவில் படுத்துக்கொள்வேன். சாப்பிடு கண்ணு என்றால் இரண்டு வாய் சாப்பிடுவான். கேட்டதற்கு “ம்” என்பான். ஐந்து வாரம் அவன் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

ஒருநாள் காலை என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். பாய்லர் நெருப்புக்கூண்டின் உள்சுவரைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறார்களாம்.

“பழைய பயர்பிரிக்கெல்லாம் வெளிய குமிச்சுக் கெடக்குது புள்ளே. குழிக்குக் கொட்டப் போறாங்களாம்.”

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த தம்பி திரும்பினான்.

“முழுசா இருக்குதுங்களா மச்சான்?”

எனக்குக் கத்தரிக்கோல் கையில் நின்றுவிட்டது. அவர் டவலை முகத்தில் வைத்தபடியே என்னைப் பார்த்தார்.

“பாதி உடைசல், பாதி முழுசுதான் மாப்பிள்ளே. எதுக்கு?”

“அதுல அடுப்புக் கட்டலாமுங்க. நா நின்ன அடுப்பு அந்தக் கல்லுதான்.”

அவ்வளவுதான் சொன்னான். மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். நான் சமையல்கட்டுக்குள் போய் நின்றேன். தண்ணீரில் போகிறவனுக்குக் கையில் கிடைத்தது கட்டையா பாம்பா என்று பார்க்க நேரமிருக்காது. எனக்கும் இல்லை. வெளியே வந்து ஒரு பொய் சொன்னேன்.

“எனக்கு ஒரு அடுப்பு கட்டிக் குடுடா. கம்பெனிப் புள்ளைங்க சாயந்திரம் வேன் ஏறுறப்ப வாங்கித் தின்னும். நா போட்டு விக்கறேன்.”

பீட்சா எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. அவன் எழுந்து போய்ப் பின்னால் இருந்த காலி இடத்தை எட்டிப் பார்த்தான். பிறகு, “எடம் பாக்கோணும்” என்றான்.

என் வீட்டுக்காரர் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஷிப்ட் முடிந்து வரும்போதும் டி.வி.எஸ். வண்டியின் முன்பக்கம் எட்டுக் கல், பத்துக் கல் என்று வைத்துக் கொண்டு வந்தார். வெளுத்த மஞ்சள் நிறக் கல். பல கல்லில் சாம்பல் உருகிக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. அதை உளியால் தட்டி எடுக்க வேண்டும். தம்பி கையில் உளியைக் கொடுக்க எனக்குப் பயம். கொடுக்காமல் இருக்கவும் பயம். அவன் எதிரிலேயே உட்கார்ந்து நானும் ஒரு உளியை வைத்துக்கொண்டு தட்டினேன்.

இடுப்பு உயரத்துக்கு மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் ஸ்லாப் போட்டோம். அதன்மேல் மணல் பரப்பி, கல்லை நெருக்கமாகப் படுக்கவைத்து அடுப்பின் தரையைப் போட்டான். கயிற்றைக் கட்டி வட்டம் அடித்தான். அந்த வட்டத்துக்குள் ஈர மணலைக் குவித்து, தட்டித் தட்டி, பாதி முட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒரு மேடு செய்தான். மணல் மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டினான். மணல் மேட்டைச் சுற்றிப் பாதிப் பாதியாக உடைத்த கல்லை வரிசையாக அடுக்கி ஏற்றினால், கடைசியில் உச்சிக் கல்லை வைத்து மூடியதும் கூண்டு தானாக நிற்கும். பூச்சு இறுகிய பிறகு வாய் வழியாக மணலை வாரி எடுத்துவிடலாம். இதெல்லாம் அவன் சொல்லித் தெரிந்துகொண்டது. ஒரு நாளைக்கு இரண்டு வரிசைக்கு மேல் வைக்க மாட்டான். வைத்ததைப் பனியன் வேஸ்ட் துணியை நனைத்துச் சுற்றி வைப்பான். காலையில் எழுந்ததும் முதலில் போய்த் துணியைத் தொட்டுப் பார்ப்பான்.

சாப்பிட ஆரம்பித்தான். “மணல் பத்தாது” என்பான், “கல்லு ஒட்ட பயர் கிளே இன்னும் ஒரு மூட்டை வேணுமுங்க மச்சான்” என்பான். என் வீட்டுக்காரர் சந்தோஷத்தில் ஹார்டுவேர் கடைக்குப் பறப்பார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கூண்டு உள்பக்கம் வளைய ஆரம்பிக்கும் வரைக்கும்.

மேலே வட்டம் சிறுக்கச் சிறுக்க அவன் ரொம்ப அமைதியாக ஆனான். பழைய மௌனம் இல்லை. இது வேறு. ஒருநாள் தாடியை எடுத்தான். தன் துணிகளையெல்லாம் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தான். வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, “நீங்க கட்டிக்கோங்க மச்சான், எனக்கு எதுக்கு” என்றான். அன்று சாயந்திரம் என்னைக் கூப்பிட்டு, மாவுக்கு எத்தனை தண்ணீர், எத்தனை நேரம் ஊற வேண்டும், எந்த விறகு, தரை சூடேறியதை எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொன்னான்.

“இதெல்லாம் நீ இருக்கறப்ப பாத்துக்கலாமே கண்ணு” என்றேன்.

“நா இல்லீனாலும் நீ போட்டுக்கோணுமில்லக்கா.”

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன்.

“ஏனுங்க, அவன் போறதுக்குத் தயாராகறானுங்க. அடுப்பு முடியோணும்னுதான் காத்துட்டு இருக்கறான்.”

“அவன் தேறிட்டு வர்றான். நீ என்னடான்னா இப்படிப் பேசறே” என்றார். கடிகாரம் அவர் கையில்தான் இருந்தது. அதைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொங்கலூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு யாராவது ஒருவர் போயே ஆகவேண்டும் என்று என் வீட்டுக்காரர் கிளம்பிப் போனார். தம்பி காலையில் இரண்டு வரிசை வைத்தான். மேலே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத்தான் ஓட்டை பாக்கி. கையைக் கழுவிக்கொண்டே, “நாளைக்கு மூடிரலாம்க்கா” என்றான். சிரித்த மாதிரி இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் அசந்து தூங்கிவிட்டான்.

நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு மூடிவிடலாம் என்கிற சொல் காதுக்குள் போய்க்கொண்டே இருந்தது. நாளைக்கு மூடினால், நாளன்றைக்கு? டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. இந்த அடுப்பு இன்னும் ஒரு மாதம் இழுக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதம். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது தப்பு என்றுகூடத் தோன்றவில்லை.

ஒரு கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அடுப்பு வாயில் மணலுக்குத் தடுப்பாக வைத்திருந்த பலகையைப் பிடுங்கினேன். உள்ளே கையை விட்டு மணலை வாரினேன். வாரி வாரிப் பின்னால் எறிந்தேன். மணல் இறுகியிருந்தது. கொட்டாங்குச்சி உடைந்தது. வெறும் கையால் பறித்தேன். தோள் வரைக்கும் கை உள்ளே போனபோது மேலே ஏதோ நறநறவென்றது. கையை இழுப்பதற்குள் கல் விழுந்தது. ஒன்று, அடுத்து மூன்று நான்கு, அப்புறம் காலையில் வைத்த இரண்டு வரிசையும் கீழே இருந்த வரிசையில் பாதியும் சேர்ந்து இறங்கின. முழங்கைக்குக் கீழே என் கை உள்ளே மாட்டிக்கொண்டது. நான் கத்தினேனோ இல்லையோ தெரியாது.

தம்பி ஓடி வந்தான். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தான். “அசையாதக்கா, அசையாத” என்று சொல்லிக்கொண்டே எடுத்தான். கையை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். தோல் உரிந்து இரத்தம் வந்தது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஈரத் துணியைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் அவன் சுற்றிலும் பார்த்தான். பிடுங்கிப் போட்ட பலகை. உடைந்த கொட்டாங்குச்சி. நான் எறிந்த மணல் பின்சுவர் வரைக்கும் சிதறிக் கிடந்தது.

“நீயா இடிச்சே?”

“ஆமா.”

“எதுக்கு?”

“மூடிட்டீன்னா நீ போயிருவே.”

அவன் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவில்லை. எழுந்தான். வீட்டின் பக்கவாட்டு வழியாக நடந்து வாசலுக்கு வந்து, ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பித்தான்.

நான் செருப்புப் போடாமல் பின்னால் ஓடினேன். தார் ரோடு கொதித்தது. “நில்லு கண்ணு, நில்லுடா” என்று கூப்பிட்டேன். அவன் நிற்கவில்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த லாரி கடந்து போகும் வரைக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் நடந்துகொண்டுதான் இருந்தான். பஸ் ஸ்டாப்பில் போய் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். நான் அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தேன்.

“ஊட்டுக்குப் போ” என்றான்.

“போக மாட்டேன்.”

டவுன் பஸ் வந்து நின்றது. அவன் ஏறினால் நானும் ஏற வேண்டும் என்று எழுந்து நின்றேன். அவன் ஏறவில்லை. கண்டக்டர் என் கைக்கட்டைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். இன்னொரு பஸ் வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்த ஒரு கம்பெனியின் வேன் வந்து பெண்களை இறக்கிவிட்டது. என்னோடு வேலை செய்த இரண்டு பேர் அதில் இருந்தார்கள். பக்கத்தில் வரப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“எடுக்கச் சொன்னது நாந்தான்” என்றேன்.

அவன் திரும்பினான்.

“அவுங்க அப்பா சொன்னாரு. ஆனா வாயால எடுத்துருங்கன்னு சொன்னது நாந்தான். உன்ற பக்கத்து ஆளு நா ஒருத்திதான இருந்தேன்.”

“மூஞ்சியையாவது பாத்திருப்பேனேக்கா.”

“நீ பாக்க வேண்டாம்னுதான் சொன்னேன்.”

“எப்படி இருந்துச்சு?”

இத்தனை மாதத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

“வலிப்புல நாக்கக் கடிச்சுக்கிட்டா. உதடு கிழிஞ்சு மூஞ்சி வீங்கிப் போச்சு. நா மஞ்சளை அரைச்சுப் பூசிப் பாத்தேன், மறையல. பாத்தா அவளாட்டவே இல்ல. நீ அந்த மூஞ்சியோட காலம்பூரா கெடக்கோணுமான்னுட்டுத்தான் எடுக்கச் சொன்னேன்.”

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கொழந்தை?”

“பொண்ணு. தலை நெறைய முடி. நெத்தி உன்னாட்ட.”

அவன் முழங்கால் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. அவள் போன பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. தொடலாமா என்று தெரியவில்லை. தொடவில்லை. பொழுது இறங்கும் நேரத்தில் பொங்கலூரிலிருந்து திரும்பிய என் வீட்டுக்காரர் எங்களைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். தம்பி எழுந்து போய் அவர் பின்னால் உட்கார்ந்தான். வண்டி போனது. நான் நடந்து வந்தேன்.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவன் என்னோடு பேசவில்லை. விழுந்த கல்லையெல்லாம் எடுத்து, பூச்சைச் சுரண்டி, மறுபடி மணலைக் குவித்தான். நான் ஒரு பாண்டுச் சட்டி மணலைத் தூக்கிக்கொண்டு போனபோது, “நீ பக்கத்துல வராத” என்றான். அந்த ஐந்து வாரத்து மௌனத்தில் எனக்கு இருந்த பயம் வேறு, இந்தக் கோபத்தில் இருந்த பயம் வேறு. சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் பகலில் தூக்கத்தை விட்டுவிட்டு அவனோடு நின்றார். கண் சிவந்து ஷிப்டுக்குப் போவார். பாய்லர் முன்னால் தூங்கிவிடுவாரோ என்று அதற்கும் ஒரு பயம்.

உச்சிக் கல்லை வைத்தபோது என்னைக் கூப்பிடவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அவன் கையை எடுத்தான். நான் ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து மணலை எடுத்தார்கள். கூண்டு நின்றது. உடனே பெருந்தீ போடக் கூடாதாம், ஈரம் மெல்ல மெல்லப் போக வேண்டுமாம். முதல் நாள் சுள்ளி, அடுத்த நாள் கொஞ்சம் கூடுதல் என்று ஒரு வாரம் தீ மூட்டினான். ஒவ்வொரு தீயும் எனக்கு ஒரு நாளைக் கொடுத்தது. அதைத் தாண்டி நான் எதையும் யோசிக்கவில்லை.

எட்டாம் நாள் மாவு பிசைந்தான். டவுனில் ஒரே ஒரு பெரிய கடையில்தான் சீஸ் கிடைத்தது. முதல் பீட்சா அடியில் கருகி மேலே வேகாமல் வந்தது. என் வீட்டுக்காரர் அதை முழுதாகத் தின்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்குது மாப்பிள்ளே, ஊத்தப்பமாட்ட” என்றார். இரண்டாவது நன்றாக வந்தது. தம்பி ஒரு துண்டைத் தட்டில் வைத்து, என்னைப் பார்க்காமல் என் பக்கம் தள்ளினான். “சூடு ஆறீரும், தின்னு” என்றான். தின்றேன். என்ன ருசி என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் அவன் பத்து மணி வரைக்கும் தூங்கினான். நான் கட்டு கட்டாகப் பிசிறு வெட்டிக்கொண்டு, அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்தவன் பின்பக்கம் போனான். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு நானும் போனேன். அவன் கூண்டின் பக்கவாட்டில் விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

“விரிசல் உட்டிருக்குதுக்கா. தீயைக் கொஞ்சம் அவசரமா ஏத்திட்டேன்.”

“என்ன பண்றது?”

“பயர் கிளே மிச்சமிருக்குதா பாரு.”

இருந்தது. கொண்டு வந்து கொடுத்தேன்.

கம்பெனிப் பெண்களுக்கு விற்பது என்று நான் சொன்ன பொய்யை அவன் மெய்யாகவே எடுத்துக்கொண்டான். கொஞ்ச நாள் விற்கவும் விற்றோம். பெரிதாகப் போகவில்லை. ஆறு மாதம் தாண்டியது, ஒரு வருஷம் தாண்டியது. பிறகு அவன் பல்லடத்தில் ஒரு பேக்கரியில் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கினான். நான் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர்தான், “எத்தனை நாளைக்குப் புள்ளே வாசல்ல படுப்பே?” என்றார்.

அன்றைக்கு அடுப்பை நான் இடிக்காமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பல வருஷம் கழித்து ஒரு தடவை அவனிடம் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, “தெரியலக்கா. என்னென்னமோ நெனச்சிருந்தேன்” என்றான். இடித்தது சரியா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் செய்வான். மறந்துவிட்டால் நான் செய்வேன். அவன் எடுக்க நேரமானால் என் குரல் மாறிவிடும் என்று அவனுக்குத் தெரியும். நான் ஹலோ சொல்வதற்கு முன்னால், “இருக்கேன்க்கா, மாவுக் கை, அதான்” என்பான்.